கட்டையில் ஒரு கறுப்பு விளிம்பு

வெள்ளிக்கிழமை விடிவதற்குள்
சோர் பஜாருக்குப் போய்விட வேண்டும்.
ஏழு மணிக்கு மேல் நல்ல பொருளெல்லாம்
தான் நல்லதென்று தெரிந்துகொண்டுவிடும்.

ரியாசத்தின் தார்ப்பாயில்
பீங்கான் கதவுக் குமிழ்கள்,
ஒரு கண் மட்டும் தெரியும் பைனாகுலர்,
யாருடையதோ ஓட்டப்பந்தயக் கோப்பை,
இவற்றுக்கு நடுவே அந்தப் பச்சை வரிப் பேனா.
உடம்பில் பெயர் வெட்டியிருந்தது:
வி. ஜி. டிப்னிஸ்.
"ஒரிஜினல் மேடம், யாரும் திறந்ததுகூட இல்லை."

நகைக்கடை லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டேன்.
உடம்பில் உள்ள கம்பெனிப் பெயர் நிப்பில் இல்லை.
அங்கே 'வாரண்டெட்' என்ற ஒரு சொல்தான்.
உத்தரவாதம் உண்டாம்,
தருவது யார் என்று இல்லை.
தோள் வேறு அகலம். கட்டையின் இரண்டு பக்கமும்
அண்ணன் சட்டை போட்ட தம்பி போல வழிந்தது.
"நிப்பு மாறியிருக்கு பாய்."
ரியாசத் மின்கம்பத்து வயர்களை எண்ணினான்.
இரண்டாயிரத்து இருநூறில் நானூறு இறங்கியது.

தாதர் பார்சி காலனியில்
பல் வைத்தியர் ஹோஷங் பாட்டிவாலா
ஏழாயிரம் தருவார்,
எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தால்.
என்னிடம் ஒரு மாத்திரை டப்பி இருக்கிறது.
அதில், பீப்பாய் விரிசல்விட்டுச் செத்துப்போன
இன்னொரு பேனாவின் நிப்பு.
அதே கம்பெனி, அதே வருஷம்.
பொய் என்று சொல்ல முடியாது.
உண்மை என்று நான் சொல்லவும் போவதில்லை.

செம்பூரில், சனி இரவு, சமையலறை மேடை.
கழற்றுவதற்கு முன் ஒரு தடவை மை தொட்டு
பால்கணக்கு நோட்டில் எழுதிப் பார்த்தேன்.
கீறியது. தாளில் நார் கிளம்பியது.
சும்மாதான், இடக்கைக்கு மாற்றினேன்.

வெண்ணெய்.

என் எழுத்து ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டது,
நிப்பு மட்டும் எங்கேயும் தட்டாமல் ஓடியது.
எத்தனை வருஷம் இடது கையால் தேய்த்திருப்பார்
அந்த டிப்னிஸ்,
முனை இப்படி ஒரு பக்கமாய்ச் சாய்ந்துபோக?
குமாஸ்தாவா, வாத்தியாரா,
கடன் கேட்டே கடிதம் எழுதியவரா?
கொஞ்ச நேரம் யோசித்தேன்.
பிறகு வெந்நீரில் ஊறப்போட்டு
ரப்பர் துண்டால் பிடித்து இழுத்தேன்.

திங்கள் மாலை.
ஹோஷங் நாற்காலி விளக்கைத் திருப்பி
பேனாவை வாய் பார்ப்பது போலப் பார்த்தார்.
பெயர் சரி. பொன் சரி. எழுத்துப் பொறிப்பு சரி.
அப்புறம் "ம்ச்" என்றார்.
கட்டை வெயில் பட்டுப் பட்டுப் பழுப்பேறியிருக்கிறது,
நிப்பை ஒட்டி மட்டும்
ஒரு மயிரிழைக் கறுப்பு விளிம்பு.
இதைவிட அகலமான ஏதோ ஒன்று
நெடுநாள் அங்கே நிழல் தந்திருக்கிறது.
"ஈறு இறங்கின மாதிரி இருக்கு" என்றார்.
"பல் அசல்தான்.
இந்த வாயில் முளைத்ததில்லை."

எண்ணி, நானூறு ரூபாய் குறைத்துக்கொண்டு கொடுத்தார்.
"பழைய நிப்பு இருக்கா?"
"தூக்கிப் போட்டுட்டேன்" என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேனென்று
மாட்டுங்கா தாண்டியும் புரியவில்லை.

சில்லறைப் பர்ஸில், டிஷ்யூ சுற்றி, அது இருந்தது.
பெண்கள் பெட்டியில் கம்பியை
வலக்கையால் பிடித்திருந்தேன்.
டிப்னிஸைப் பற்றி உலகத்தில் மிச்சமிருந்தது
ஒரு பெயரும் எந்தக் கை என்பதும்.
இரண்டையும் ஒரே பேனா வைத்திருந்தது,
போன சனிக்கிழமை வரை.

குர்லாவில் கூட்டம் ஏறியது.
பர்ஸை இடது பக்கத்துக்கு மாற்றிக்கொண்டேன்.