நூற்றிருபது சொடுக்கு

கொழும்புச் சுங்கத்தில் பதினொரு நாள் கிடந்து
பார்சல் வந்து சேர்ந்தது.
பிறக்கும்போதே வயதாகிப் பிறந்த
ஒரு மணிக்கூடு.

பழையபடி குவிந்த கண்ணாடி,
கறுப்பு முகம், தடித்த முள்.
இருட்டில் ஒளிரும் புள்ளிகளுக்கு
ஆறிப்போன பால்தேத்தண்ணி நிறம்.
அறுபது வருச உப்பும் வெயிலும் செய்கிற வேலையை
எங்கோ ஒரு தொழிற்சாலையில் யாரோ
சின்னத் தூரிகையால்
ஒரு மத்தியானத்தில் முடித்திருக்கிறார்கள்.
கூடவே சான்றிதழ்:
முந்நூறு மீற்றர் வரை தாங்குமாம்.
நான் முப்பத்தாறு வரை தாங்குவேன்.
எனக்குச் சான்றிதழ் இல்லை.

இதன் அசல் அஸ்மீரிடம் இருந்தது.
வெள்ளைக்கார நேவி மூட்டை கட்டிய வருசம்
யாரோ ஒரு சுழியோடி
இரண்டு போத்தல் சாராயத்துக்கு விட்டுப்போனது.
கைமாறிக் கைமாறிக் கிண்ணியாவுக்கு வந்து
இவன் மணிக்கட்டில் நின்றது.
அதைக் கட்டிக்கொண்டுதான் சங்குக்கு இறங்கினான்,
கப்பலடியில் கொட்டலசு சுரண்ட இறங்கினான்,
மூழ்கிய இரும்பு தேடியும் இறங்கினான்.

அதன் வளையம் இரண்டு பக்கமும் திரும்பும்.
அவ்வளவுதான் அதில் இருந்த பிழை.

வைகாசி. புறாத்தீவுக்கு வெளியே
தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடந்த நாள்.
சிலிண்டர் வாரில் உரசியதோ, கயிற்றில் தட்டியதோ,
வளையம் வலப்பக்கம் நகர்ந்து
பத்து நிமிசத்தை அவனுக்குக் கொடுத்தது.
கடல் கொடுக்காத பத்து நிமிசம்.
வாங்கிக்கொண்டான்.
மேலே வந்து வள்ளத்தில் ஏறி
வாழைப்பழம் ஒன்றை உரித்தான்.
பாதி உரித்த பழம் கையில் இருக்க
கால் இரண்டும் போய்விட்டன.

பிறகு இரும்பறைக்குள் படுக்க வைத்து
காற்றை மெல்ல மெல்லக் குறைத்தார்கள்.
இடது கால் திரும்பி வந்தது.
மணிக்கூடு எங்கே என்று கேட்டால்
"கடலுக்குள்ள போட்டன். அங்க கிடந்து நேரம் பாக்கட்டும்" என்பான்.

புதியதன் வளையம் இடப்பக்கம் மட்டும் திரும்பும்.
எங்கே தட்டினாலும், எதில் உரசினாலும்
மிச்சத்தைக் குறைத்துத்தான் சொல்லும்,
கூட்டிச் சொல்லாது.
அது பிழைத்தால் நாம் பிழைப்போம்.
எழுபது வருசம் பழசைப் போல நடிக்கிற பொருளில்
இந்த ஒன்றை மட்டும் அவர்கள் நடிக்கவில்லை.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அஸ்மீரின் கொத்துக் கடை.
வாசலில் ஒரு மான்
எண்ணெய் ஊறிய பேப்பரைத் தின்றுகொண்டிருந்தது.
மணிக்கூட்டை வாங்கிச் சாரத்தில் துடைத்தான்.
நிறம் பார்த்துச் சிரித்தான்.
பெருவிரலை வளையத்தில் வைத்து
ஒரு சொடுக்கு. சரியாய்த் திரும்பியது.
திரும்பக் கொண்டுவரப் பார்த்தான்.
"என்னடா, வருகுதில்ல."
"வராது மச்சான்."
"ஒண்டுதானே திருப்பினன்?"
"மிச்சம் நூற்றுப் பத்தொன்பதையும் திருப்பு, வரும்."

திருப்பத் தொடங்கினான்.
ரெண்டு முட்டைக் கொத்துக்குச் சொன்னவர் காத்து நிற்க,
கல்லில் தகடுகள் தாளம் போட,
உதடு மட்டும் அசைய எண்ணினான்.
ஐம்பதுக்குப் பக்கத்தில் கணக்குத் தவறியது.
நிறுத்தவில்லை.
அந்த முக்கோணம் உச்சிக்கு வந்து நின்றபோது
வலது தொடையை ஒருதரம் தட்டிப் பார்த்தான்,
வந்த ஆள் வந்துவிட்டாரா என்று
கதவைத் தட்டுகிற மாதிரி.

"எவ்வளவு குடுத்தாய்?"
பாதி விலை சொன்னேன்.
"பொய்" என்றான்.
மணிக்கூட்டைக் கையில் கட்டிக்கொண்டு
கொத்துக்கு முட்டை உடைக்கப் போனான்.

நானும் கேட்கவில்லை.
தவணை இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது.
காலை ஆறரைக்கு
சீனன்குடாப் பக்கம் ஒரு கப்பலின் அடியில் வேலை.
வழக்கமான பிளாஸ்டிக் கருவி போதும்,
அது நேரமானால் கீச்சிடும்,
அழகில்லை.