கூடக்குறைய

தொடை எலும்பின் நடுவிலிருந்து ஒரு வில்லை.
வைரப்பல் வாளுக்குத் தண்ணீர் சொட்டச் சொட்ட அறுத்தேன்.
பிறகு கண்ணாடித்தட்டில் மணற்தாள் ஒட்டி
ஒற்றை விரலால் தேய்த்தேன்,
கீழே வைத்த பத்திரிகை
எலும்பினூடாக வாசிக்கத் தெரியும்வரை.
தெரிந்தது. அன்றைய தங்க விலை.

கடற்காற்றில் லென்சுக்கும் பூஞ்சணம் பிடிக்கும்,
துடைத்துவிட்டுப் பார் என்றாள் நிலூக்கா.

கொம்பனித்தெருவில் நாற்பது மாடிக்கு அத்திவாரம் வெட்டும்போது வந்தவர்.
மண்டையோடு இல்லை, இடுப்பெலும்பு இல்லை,
வயது கேட்க ஒரு பல்கூட இல்லை.
பெக்கோ வாரிக்கொண்டு போனது போக மிச்சம்
இரண்டு தொடையெலும்பும் ஒரு செருப்பு வாரும்.

மரத்தை அறுத்தால் வருஷத்துக்கொரு வளையம்,
எண்ணிவிட்டு எழும்பலாம்.
எலும்பு அப்படி நேர்மையாய்க் கணக்கு வைப்பதில்லை.
இருப்பதை அரித்து, அந்தக் குழிக்குள்ளேயே
வட்டமாய்ப் பூசிப் பூசி, நடுவில்
இரத்தம் போக ஒரு துளை விட்டு மூடும்.
அடுத்தது வந்து அதன் தோளைக் கடிக்கும்.
கடிபட்டது துண்டாய் ஓரத்தில் கிடக்கும்.
வயது போகப் போகத் துண்டுகள் கூடும்.
இன்னும் போனால் வெற்றிடமே இராது,
ஒன்றை அழித்துத்தான் இன்னொன்று,
அதன்பிறகு என் எண்ணிக்கைக்கும் அர்த்தம் இல்லை.

அவரைத் தோண்டிய காணியிலும் அப்படித்தான்:
வரிசை வீடு, அதன்கீழ் மரக்காலை,
அதன்கீழ் யாரோ போட்ட செங்கல் தளம்.

முன், பின், உள், வெளி. நாலு இடம்.
பத்தில் எட்டுப் பங்கு வட்டம் மிஞ்சியிருந்தால் முழுது,
குறைந்தால் துண்டு. இது விதி.
நாலாவது இடத்தில் ஒன்று
எட்டுப் பங்கோ ஏழரையோ
மூன்று தரம் பார்த்தேன். முழுது என்று எழுதினேன்.

சமன்பாடோ வேறு தேசத்தாரின் எலும்பில் செய்தது,
பனியில் நடந்து, பால் குடித்து,
கட்டிலில் செத்தவர்களின் எலும்பு.
அதற்குள் இவரைப் போட்டேன்.
முப்பத்துநாலு. கூட எட்டு, குறைய எட்டு.

அளுத்கடையில் நீதவான் கேட்டார்:
ஒரு எண்ணாய்ச் சொல்ல முடியாதா?
முடியாது, ஐயா.
மொழிபெயர்க்கும் சற்குணராசா தொண்டையைச் செருமி
பின்வாங்கில் இருந்த இரண்டு பெண்களைப் பார்த்துச் சொன்னார்:
முப்பத்துநாலு வயசு, கூடக்குறைய.

மாளிகாவத்தை றிஸ்மியாவின் தம்பிக்கு இருபத்தேழு,
குறைய என்ற சொல்லில் அவன் இருந்தான்.
ஜிந்துப்பிட்டி லூர்தம்மாவின் புருஷனுக்கு நாற்பத்தொன்று,
கூட என்ற சொல்லில் அவர்.
புறக்கோட்டையில் நாட்டாமி வேலை, இருபது வருஷம் மூட்டை.
சுமை சுமந்த காலில் கணக்கு முந்தும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது,
அப்படி ஒன்றுமில்லை என்கிறது இன்னொன்று.
இரண்டையும் வாசித்தவள்
அவளிடம் எதைச் சொல்வது?

இருவரும் ஒரேநேரத்தில் தலையாட்டினார்கள்.

மரபணுவுக்கு ஒரு துண்டு போயிருக்கிறது. மாதங்கள் ஆகும்.
முடிவில் இருவரில் ஒருவர் இல்லையென்றாகலாம்,
இருவருமே இல்லையென்றும் ஆகலாம்.
வெளியே கன்டீனில் லூர்தம்மாவிடம் சில்லறை இல்லை,
பிளேன்டீக்கு றிஸ்மியா கொடுத்தாள்.
என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்கவில்லை,
கேட்கும் தூரத்தில்தான் நின்றேன்.

பொரளையில் 154 ஏறினேன், வெள்ளவத்தைவரை நின்றபடி.
பிரேக் போடும்போதெல்லாம்
என் தொடைக்குள் எதுவோ அரித்து எதுவோ கட்டுகிறது.
எனக்கு நாற்பத்தாறு.
என்னிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது.

அந்த ஏழரைப் பங்கு வட்டத்தை
நாளைக்கு மறுபடி பார்க்கவேண்டும்.