முப்பத்தெட்டாவது குச்சி

ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்துக்குக் கீழே
பதினாறு வருஷமாக என் கைக்கு வந்தவை
எட்டுக் கம்பிக் குடைகள்.
பன்னிரண்டு இருந்தால் கொஞ்சம் காசுள்ள வீடு.
ஹெப்சிபா கொண்டுவந்ததில் நாற்பத்து நான்கு.
இரண்டு தரம் எண்ணினேன்.
கம்பியும் இல்லை. அத்தனையும் மூங்கில்.

“ஃபிளைட்ல எவனோ மேல பெட்டியப் போட்டுட்டான், மசூது அண்ணாச்சி.
ஒண்ணு ஒடிஞ்சிட்டு. பக்கத்துல தாளும் கிழிஞ்சிட்டு.
வார வியாழனுக்கு அடுத்த வியாழன் எனக்குக் கல்யாணம்.”
நகோயா பக்கம் கார் கம்பெனியில் வேலையாம்.
அங்கே கல்யாணப் பெண்ணுக்குச் சிவப்புக் குடை பிடிப்பார்களாம்.
பாளையங்கோட்டையில் காரைவிட்டு இறங்கிக்
கோயில் வாசல்வரை நாற்பது எட்டு.
அதற்குத்தான்.

ஒரு கம்பிக்கு முப்பது ரூபாய் என்றேன்.
பழக்கதோஷம்.

ராத்திரி விளக்கடியில் மடக்கினேன்.
மடக்கினால் குடையே இல்லை,
ஒரு மூங்கில் தடி.
கணுவோடு கணு ஒட்டி
வளையல் மாதிரி சுற்றி வருகிறது.
ஒற்றைத் தடியை நாற்பத்து நான்காகப் பிளந்து
பிளந்த வரிசையிலேயே நூல் கோத்திருக்கிறான்.
எப்படி வரிசை மறக்கவில்லை?
நகத்தால் தடவிப் பார்த்தேன்.
பிளப்பதற்கு முன்பே
தடியைச் சுற்றிச் சாய்வாக ஒரு கத்திக் கீறல்.
முதல் குச்சியில் உச்சியில் தொடங்கி
ஒவ்வொன்றிலும் ஒரு மயிரிழை இறங்கி இறங்கி.
களவாணிப்பய, என்று வாய்விட்டுச் சிரித்தேன்.
முப்பத்தெட்டில் கீறல் அறுந்து கிடந்தது.

அவள் அனுப்பிய வீடியோவில் ஏழு பேர்.
மூங்கில் பிளக்கிறவர் பிளப்பதோடு சரி.
குமிழ் கடைகிறவருக்குக் குமிழ்.
நூலுக்கு ஒருத்தி, தாளுக்கு ஒருத்தி.
கடைசி ஆள் எண்ணெய் பூசி
வெயிலில் விரித்து வைத்துவிட்டுப் பீடி பிடிக்கிறான்.
இங்கே ஏழு பேரும் நான்.
பசைக்கு மட்டும் மைமூன்.
மரவள்ளிக் கிழங்குப் பசை என்றதும்
ஜவ்வரிசியைக் கொதிக்கவிட்டாள்,
“சீனி போடாம இத நான் கிண்டுனதே இல்ல” என்று முனகிக்கொண்டு.

தாளுக்குத் துவர்ப்பாக ஏதோ காய்ச்சாறு.
துவர்ப்புக்கு நமக்குத் தெரிந்தது பனிச்சைதான்.
உவரியில் வலைக்குக் காய்ச்சின சட்டியில்
அரை டம்ளர் மிச்சம் இருந்தது.

மூங்கிலுக்குக் கடையம் போனேன்.
கூடை முடைகிற சுடலைவடிவு கேட்டாள்,
எத்தனை தடி வேணும்?
ஒரு குச்சி.
கிறுக்கனிடம் காசு வாங்கக்கூடாது என்று
சும்மா கொடுத்தனுப்பினாள்.

கணு இருக்கிற இடத்தில் கணு வரவேண்டும்.
ஏழு சீவி எறிந்தேன்.
எட்டாவது ஒரு நெல் நீளம் பிசகி நின்றது.
போகட்டும்.
கட்டுவதற்கு முன் கத்திமுனையால்
முப்பத்தேழுக்கும் முப்பத்தொன்பதுக்கும் நடுவே
அவன் விட்ட இடத்திலிருந்து கீறினேன்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு கீறினேன்.

பிறகு ஆளிவிதை எண்ணெய்.
பிறகு வெயில்.
வருஷம் பூராவும் மண்டையைப் பிளக்கிற வெயிலுக்கு
அந்தக் கார்த்திகையில் என்ன வந்ததோ,
ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருட்டி
இந்தப் பக்கம் கொட்டிக்கொண்டே இருந்தது.
பாலத்தடியில் துணிக்குடைக்காரர்கள் வரிசை.
மழையில் சோறு தின்கிறவன் நான்,
மழையை வைதது அந்த வாரம்தான்.

புதன் ராத்திரி வாங்க வந்தாள்.
விரல் வைத்தால் ஒட்டியது.
“முப்பத்தெட்ட ஒங்க பக்கம் திருப்பாதிய.
வெள்ளைச் சேலை பாத்துக்கிடுங்க.”
மூன்று பத்து ரூபாய் நாணயம் எண்ணிக் கொடுத்தாள்,
கூடவே ஒரு பத்திரிகை.

உள்ளே போகவில்லை.
எதிரே டீக்கடைத் தாழ்வாரத்தில் நின்றேன்.
கார் வந்தபோது தூறல் பிடித்திருந்தது.
தெரு முழுக்க ஒரே கறுப்புக் குடைகள், பாதி என் கைபட்டவை,
நடுவில் அது விரிந்தது.
தாளில் விழுகிற தூறலுக்குச் சத்தமே வேறே,
முறத்தில் அரிசி சலிக்கிற மாதிரி.

எல்லாரும் பெண்ணைப் பார்த்தார்கள்.
நான் ஒரு விரற்கடை அகலத்தைப் பார்த்துக்கொண்டே
எட்டுகளை எண்ணினேன்.
இருபத்தாறு. இருபத்தேழு.
வாசலுக்கு இறங்கிவந்து மாப்பிள்ளையும் குடைக்குள் நுழைந்தான்.
ஹெப்சிபா காம்பை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினாள்.
முப்பத்தெட்டு அவன் தோள்மேல் போய் நின்றது.

நல்லவேளை,
கோட்டு கறுப்பு.