வலது கதவின் கூலி

காலை ஐந்தரைக்கு லைன் நகரத் தொடங்கும்.
நான் இடப்பக்கம்,
ஷவோன் பெட்டிக்ரூ வலப்பக்கம்.
நடுவே கதவில்லாத ஒரு கார்
வாயைத் திறந்துகொண்டு ஊர்ந்து வரும்.

ஐம்பத்தெட்டு நொடி.
கதவைத் தூக்கு, கீலில் உட்கார வை,
நான்கு போல்ட்,
ரப்பர் விளிம்பில் உள்ளங்கையால் ஒரு தட்டு.
என் கதவுக்கு மணிக்கு இருபத்தெட்டு டாலர்.
அவள் கதவுக்குப் பதினான்கு.

காருக்குத் தெரியாது.
வலப்பக்கமாக ஏறினால் பாதி விலை என்று
எந்த ஷோரூமிலும் சொல்வதில்லை.

*

அந்த டிசம்பரில்
சாகினா ஆறு கரையோரம் உறைந்திருந்தது.
கேன்டீன் டிவியில் சத்தத்தை யாரோ அணைத்திருந்தார்கள்.
கம்பெனிப் பெருந்தலைகள்
வாஷிங்டனில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்,
பல்லக்கில் போய் இறங்கிப்
பிச்சைப் பாத்திரம் நீட்டியவர்கள்.
உதடு அசைவதைப் பார்த்து
எங்கள் சம்பளத்தைத்தான் பேசுகிறார்கள் என்று
கண்டுகொண்டோம்.
சூப் ஆறிப்போயிற்று.

பணம் வந்தது.
கோடையில் திவால்.
கருமாதிக்கு ஆள் சொல்லி அனுப்புவதற்குள்
பிணம் எழுந்து உட்கார்ந்து
வாசலுக்குப் புது போர்டு கேட்டது.

கம்பெனியில் பெரும்பங்கு இப்போது சர்க்காருடையது,
சர்க்கார் நம்முடையது என்று
லீரோய் ஸ்டாகுரா
டோனட் எண்ணெய் படிந்த காகிதத்தில்
கணக்குப் போட்டான்.
முப்பது கோடிப் பேருக்கு வகுத்தால்
ஆளுக்கு ஒரு பேட்டரி, இரண்டு வைப்பர்.
"என் வைப்பரை மட்டும் கழற்றிக் கொடுங்கள்,
வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்" என்றான்.
மறுமாதம்
அவனைக் கழற்றிவிட்டார்கள்.

*

ஒன்றை மறைத்துவிட்டேன்.

பாதிக் கூலி அந்தக் குளிர்காலத்தில் பிறந்ததல்ல.
அதற்கு முந்தைய வருடம்,
யூனியன் ஹால், வெளியே மழை,
ஈரக் கோட்டுகளின் நாய்வாடை.
ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கம்:
இருப்பவர்களுக்கு ஒரு சென்டும் குறையாது.
இனி வருகிறவர்களுக்குப் பாதி.

இனி வருகிறவர்களை யாருக்கும் தெரியாது.
பேர் இல்லை, முகம் இல்லை,
ஹாலில் நாற்காலி இல்லை.
வராதவர்களுக்கு ஏது ஓட்டு.
எனக்கு வீட்டுக் கடன் பதினேழு வருடம் பாக்கி.
'ஆம்' கட்டத்தில்
பென்சில் முனை உடையும் அளவுக்கு
அழுத்திக் கோடு போட்டேன்.

அந்தக் கட்டத்துக்குள்தான் ஷவோன்
அப்போது ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

*

இங்கே ஷிஃப்ட் முடிந்ததும்
அவள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்குப் போகிறாள்.
அவளுடைய வண்டி பழைய ஜப்பான்காரன்,
வேலியோரக் கடைசி வரிசையில் நிற்கிறது.
நாங்கள் செய்கிற காரை வாங்க
அவளுக்குக் கட்டாது.

ஓட்டைப் பற்றி அவள் கேட்டதே இல்லை.
ஒருமுறை, லைன் நின்றிருந்த நேரம்,
கையுறையைப் பல்லால் இழுத்தபடி
காரின் உள்ளே குனிந்து கேட்டாள்:
"வெர்னா, உங்க பக்கத்துக் கதவு
ரொம்பக் கனமோ?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.
இருபத்தாறு வருடம் தூக்கிய கதவு.
எத்தனை கிலோ என்று எனக்குத் தெரியும்.
"ஒரே கனம்தான்" என்றேன்.
"அப்படியா" என்றாள்.

மணி அடித்தது.
சிவப்பு வண்டி ஒன்று வந்தது.
என் கையிலிருந்து போல்ட் ஒன்று நழுவி
காரின் தரைமேல் ஓடி
அவள் பக்கம் போய் விழுந்தது.
பார்க்காமலே எடுத்து
இரண்டு கதவு வாசலுக்கும் குறுக்கே எறிந்தாள்.
பிடித்துவிட்டேன்.
நன்றி என்று வாயெடுத்துப்
பாதி சொல்வதற்குள்
கார் நகர்ந்துவிட்டது.