நாலாம் தொட்டி

தொட்டிக்கு ஒரு குவளை.
கூடவும் கூடாது, குறையவும் கூடாது.
அடியில் வழிந்தால் தட்டில் பிடித்து
அதே தொட்டியில் திரும்ப ஊற்ற வேண்டும்.
ஒத்தக்கடை வலைக்குடிலில் இதற்குத்தான்
எனக்குத் தினக்கூலி.
பதிவேட்டில் முத்திருளாயி என்று இருக்கிறது.
தொட்டிகளுக்குப் பெயர் இல்லை, எண்தான்.
ஒன்றும் கலக்காத மண்
பூஜ்யம்.

வெள்ளைப் பொடி, சோற்றுப்பை விட நைசு.
உறை மாட்டிய கையால்
மூச்சை அடக்கி நிறுத்தாள் ஜெசிந்தா.
காட்மியம் என்றாள்.
அசலூர்க் கொழுந்தன் பெயர் மாதிரி இருக்கிறதே என்றேன்.
சிரிக்கவில்லை அவள்.
ஒரு சிட்டிகைகூட இல்லை அது,
ஈ உட்கார்ந்தால் தராசில் அதைவிட எடை காட்டும்.

முதலில் நெல் போட்டோம்.
பன்னிரண்டாம் நாள் நெல் சொல்லிவிட்டது.
மூன்றில் நுனி கருகல்.
நாலில் நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் மஞ்சள்.
ஏழில் விதை கண் திறந்தது,
திறந்த இடத்திலேயே நின்றது.
பிடுங்கி அலசி
கட்டம் போட்ட தாளில் வேரைக் கிடத்தி அளந்தோம்.
பூஜ்யத்தின் வேர் தாளைத் தாண்டி
மேசை விளிம்பில் தொங்கியது.
ஆறின் வேர் என் சுண்டுவிரல் நகமளவு,
பழுப்பு,
தீய்ந்த திரி மாதிரி.
"பக்கத்துல தண்ணி இருந்தும் குடிக்க முடியாதுக்கா இதுக்கு"
என்றாள் ஜெசிந்தா.

அடுத்து தண்டங்கீரை.
அங்கேதான் எனக்குக் கணக்குத் தப்பியது.
நாலாம் தொட்டியில் ஒரு குறையும் இல்லை.
அகன்ற இலை, பெருவிரல் தடிமன் தண்டு,
பூஜ்யத்தைவிட ஒரு விரற்கடை உயரம்கூட.
"பிழைச்சுக்கிச்சு" என்றேன்.
"இல்லக்கா. வாங்கி வச்சுக்கிச்சு."
இலையைக் காயவைத்துப் பொடித்து
அமிலத்தில் கரைத்து எந்திரத்துக்குக் கொடுத்தாள்.
வந்த எண்ணுக்குக் கீழே
இரண்டு கோடு இழுத்தாள்.

நெல் நோயாளி.
கீரை உண்டியல்.

எங்கள் குத்தகை நிலம் வாய்க்கால் ஓரம்.
மேற்கே அரை மைல் தள்ளி முலாம் பட்டறை.
போல்ட்டையும் நட்டையும் கொக்கியில் மாட்டி
தொட்டியில் முக்கி எடுக்கிறவர்
என் வீட்டுக்காரர் சின்னக்காமு.
பட்டறையில் ஒரு பேச்சு உண்டு:
கழுவுன தண்ணி வாய்க்காலுக்கு,
கூலி வீட்டுக்கு.

போன வருஷம் நெல் மஞ்சளடித்தது.
யூரியா போட்டோம், துத்தநாகம் போட்டோம்,
உரக்கடைக்காரர் எழுதிக்கொடுத்ததெல்லாம் போட்டோம்.
அடகு வைத்த தோடு இன்னும் திரும்பவில்லை.
கீரைக்கு மாறினோம்.
மாறியதும் தளதளவென்று வந்தது பாருங்கள்,
மண்ணைத் தொட்டுக் கும்பிட்டேன் நான்.
"இந்த மண்ணுக்கு நெல்லு ஒத்துக்கல, கீரை ஒத்துக்கிது" என்றார் அவர்.
மாட்டுத்தாவணியில் எங்கள் கட்டு
விடியுமுன் தீர்ந்துவிடும்.

எந்திரத்து எண் வந்த மறுநாள்
சாப்பாட்டு வாளியில் எங்கள் வயல் மண் கொண்டுவந்தேன்.
வரிசைக் கடைசியில் உடைசல் தொட்டி ஒன்று கிடந்தது.
ஒன்பது நெல் ஊன்றினேன்.
எல்லாவற்றுக்கும் ஊற்றுகிற அதே குவளை,
அதே தண்ணீர்.
ஜெசிந்தா ஒருநாள் குனிந்து பார்த்தாள்.
"இது எதுக்கா?"
"என்னுது."
மேலே கேட்கவில்லை.
சாயங்காலம் பார்த்தபோது
தொட்டியின் விளிம்பில் எண் எழுதும் இடத்தில்
பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தாள்.

இன்று பத்தாம் நாள்.
மூன்றாவது இலை சுருண்டபடி வருகிறது.
வெயில் சாயட்டும், நிறம் பார்ப்போம் என்று
யானைமலைப் பக்கம் திரும்பி நிற்கிறேன்.

காலையில் அறுபது கட்டு அறுத்து
வண்டியேற்றிவிட்டுத்தான் வந்தேன்.
எங்கள் வீட்டில் மட்டும்
பத்து நாளாகக் கீரை கடையவில்லை.
ஏன் என்று அவரும் கேட்கவில்லை.