அரை மதிப்பெண்

வியாழன், கடைசிப் பீரியட். ரூவி.
ஏசி இரைச்சலில் மூன்றாம் வகுப்புத் தமிழ்த்தாள்கள்,
முப்பத்தொன்று.

ஆறாவது, கோடிட்ட இடம் நிரப்புக:
தூங்குமுன் நான் ............
விடைக்குறிப்பு, மஸ்கட் வந்த வருடம்
நானே எழுதியதுதான்:
கடவுளை வணங்குவேன்.

ரைஹானத், துஆ ஓதுவேன் என்கிறாள். சரி.
ஜெரோம் ஜெபம் செய்கிறான்,
செய்வேனில் மூன்றுசுழி; விட்டுக்கொடுத்தேன்.
திருநீறு பூசுவேன் என்றவனின் 'று'
வால் நீண்டு ஏழாம் கேள்விக்குள் போய்விட்டது.
அதுவும் சரி.

யாழிசை எழுதியிருந்தாள்:
பல் தேய்ப்பேன்.

சேர்க்கைப் படிவத்தில், மதம் என்ற கட்டத்துக்குள்
அவள் அப்பா ஒரு சின்னக் கோடு இழுத்திருந்தார்.
ஆபீஸ் கணினி கோட்டை ஏற்கவில்லை.
'பிற' என்று போட்டுக்கொண்டார்கள்.

தன்மை ஒருமை, எதிர்காலம்,
வாக்கியத்தில் ஒரு குறையுமில்லை.
சிவப்புப் பேனா கொஞ்ச நேரம்
தாளுக்கு மேலேயே நின்றது.
அரை போட்டேன்.
ஏன் அரை என்று அப்போது யோசிக்கவில்லை,
பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

ஞாயிறு தாள் கொடுத்தபின்
மேசையருகே வந்து நின்றாள்.
லுஹர் பாங்கு கேட்டது;
முடியட்டும் என்று காத்திருந்தாள்.
அழவில்லை. மேல்வரிசையில் ஒரு பல் இல்லை.

"மிச்ச அரை யாருக்கு மிஸ்?"