மிளகளவு

ஆல்பேட்டை பாலத்தில் ஏறும்போது
முன்னால் போன ஜல்லி லாரி
ஒரே ஒரு கல்லை எனக்கென்று விட்டது.
டொக்.
தார்ப்பாய் கட்டாத லாரி. நம்பரைப் பார்ப்பதற்குள்
மஞ்சக்குப்பம் நெரிசலில் கலந்துவிட்டது.
கண்ணாடியில் மிளகளவு வெள்ளைப் புள்ளி,
சுற்றிலும் எறும்புக் கால்போல நாலைந்து கீறல்.

செம்மண்டலம் ஒர்க்‌ஷாப்பில் அன்றே சொன்னார்கள்:
இப்பவே விட்டீங்கன்னா பிசின் ஊத்தி அடைச்சிடலாம் சார்,
டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள.
ஞாயித்துக்கிழமை வரேன் என்றேன்.
எத்தனை ஞாயிறு.

குமுதவல்லிதான் பொறுக்க மாட்டாமல்
நெற்றியிலிருந்து மெரூன் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து
உட்புறமாக அதன்மேல் ஒட்டினாள்.
இப்ப பாருங்க.
பார்த்தேன்.
வண்டிக்குக் கல்யாணமான மாதிரி இருந்தது.

சித்திரை.
சிப்காட் வாசலில் எட்டு மணி நேரம் காய்ந்த வண்டியில்
ஏறியதும் ஏசியை முழுக்கத் திருப்பினேன்.
சத்தமே இல்லை.
பொட்டிலிருந்து ஒரு கோடு கிளம்பி
பச்சையாங்குப்பம் தாண்டுவதற்குள்
சாவகாசமாக வைப்பர் வரை இறங்கி,
யோசித்து,
என் கண்ணுக்கு நேரே மேலே ஏறியது.

இனிமேல் பிசின் பேச்சு இல்லை. முழுக் கண்ணாடி.

சர்வேயர் ஹபிபுல்லா பரங்கிப்பேட்டையிலிருந்து வந்தார்.
சாண் போட்டுக் கோட்டை அளந்தார்.
வெறும் தேர்ட் பார்ட்டியா இருந்தா
நான் வந்திருக்கவே மாட்டேன் சார் என்றார்.
படிவத்தில் ஒரு கட்டம்: சேதம் ஏற்பட்ட தேதி.
கல் விழுந்த தேதியா,
கோடு ஓடிய தேதியா,
வரேன் என்று சொல்லிப் போகாத
ஞாயிறுகளில் ஏதாவது ஒன்றா?
கல்லு தேதிதான். தாமதத்துக்குக் காரணம் கீழே எழுதணும்.
சோம்பல் என்று எழுதலாமா?
சிரிக்காமல் சொன்னார்:
அதுக்குக் கட்டம் கிடையாது.

பிறகு கணக்கு.
ரப்பருக்கு வயதாகும், பிளாஸ்டிக்குக்கு வயதாகும்,
அதில் பாதி என் தலையில்.
கண்ணாடிக்கு மட்டும் தேய்மானம் இல்லை.
பாலிசியின் பார்வையில் அது என்றும் பதினாறு.
கட்டாயக் கழிவு ஆயிரம் நான் கொடுக்க வேண்டும்,
மீதி கம்பெனி.
ஆனா சார்...

ஆனா என்றதும் டீயைக் கீழே வைத்தேன்.

மூணு வருஷமா கிளெய்மே இல்ல,
போனஸ் முப்பத்தஞ்சு சதம் ஏறியிருக்கு.
இதை வாங்கினா அது போயிடும்.

பானெட்டில் பேப்பரை விரித்துக் கூட்டினோம், கழித்தோம்.
கண்ணாடி ஏழாயிரத்து எண்ணூறு.
போகிற போனஸ் அடுத்த வருஷம் நாலாயிரம் போல,
அதற்கடுத்த வருஷமும் இழுக்கும்.
யாரிடமும் எதுவும் கேட்காமல் இருந்ததற்கு
வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பரிசு அது.
படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.
ஹபிபுல்லா ஒன்றும் சொல்லவில்லை,
டீக்குக் காசு அவரே கொடுத்தார்.

இரண்டு பேர் உள்ளும் வெளியும் நின்று
மெல்லிய கம்பியால் ரம்பம்போல் இழுத்து
கண்ணாடியைப் பெயர்த்தார்கள்.
பாஸ்டாக் கிழிந்தது. அதற்குத் தனியாக அலைய வேண்டும்.
பசை காயும்வரை கதவை அறைந்து சாத்தாதீங்க என்றார்கள்.
பழையது சுவரில் சாய்ந்து நின்றது,
பொட்டோடு.

புதுக் கண்ணாடி வழியே பெண்ணையாறு
தண்ணீர் இல்லாதது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.
ஜல்லி லாரிக்கும் எனக்கும் நடுவே
இப்போதெல்லாம் ஒரு டவுன் பஸ் அளவு இடம் விடுகிறேன்.
அந்த இடத்தில்
ஒரு டவுன் பஸ் வந்து நுழைகிறது.